ஓடும் வண்டிக்குச் சாவி போட்டவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதறியிருப்பாய். பதறாதே. நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு எப்போதும்போல் நன்றாகவே இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உனக்கு அந்தக் குளிரில் சளி விட்டதா இல்லையா என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருஷம் விடுமுறைக்கு வரப்போவதில்லை என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "அப்பாவுக்கு என்கூட பேசவே பிடிக்கல, அங்க வந்து யார் மூஞ்சியப் பாத்துட்டு உக்காரச் சொல்ற" என்று எழுதியிருந்தாய். உன்மேல் தப்பில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிரிந்துவிட்டீர்கள் என்பதை என்னிடம் சொல்லப் பயந்து, முதலில் அப்பாவிடம்தான் போனில் சொன்னாய். அவர் "நல்லதும்மா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிட்டார். அதற்குப் பிறகு எப்போது நீ கூப்பிட்டாலும் "சாப்பிட்டியா, சரி, அம்மாட்ட குடுக்கிறேன்" என்பதோடு சரி. எந்தப் பெண்ணுக்கும் மனது விட்டுப்போகும். எனக்கும் அவர்மேல் கோபம்தான். மகள் வாழ்க்கை இப்படி ஆகிவிட்டதை மனிதர் தாங்க முடியாமல் குத்திப் பேசிவிட்டார், இனி நாமும் அந்தப் பேச்சை எடுத்து அவரைக் கிளற வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நாம் இருவருமே தப்பாக நினைத்துவிட்டோம், பாப்பா. இதைப் போனில் சொன்னால் நீ நம்பமாட்டாய், அப்பாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதைச் சொல்ல வண்டிக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி.

நம் வண்டி உனக்கு மறக்காது. ஆலைக்குப் புது இயந்திரங்கள் பொருத்த வந்த பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பாவிடம் விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் அது. அப்போது அதற்கு நல்ல சிவப்பு நிறம், இப்போது செங்கல் நிறம். இருப்பது இரண்டே சீட். "ரெண்டு சீட்டு வண்டியில எப்படிக் குடும்பம் நடத்துவீங்க" என்று உன் மாமா கேட்டதற்கு, "குடும்பத்துல ரெண்டு பேர்தானே இருக்கோம்" என்று அப்பா சொன்னார். அடுத்த வருஷமே நீ பிறந்தாய். வண்டியை விற்றுவிடுவார் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவரோ கை பிரேக்குக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஒரு மெத்தையைத் தைத்துப் போட்டு, அதை உன் சிம்மாசனம் என்று அறிவித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மூன்று பேரும் ஏரிக்கரைச் சாலையில் போவோமே, நினைவிருக்கிறதா? உன் கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்வார். இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு, எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று நீ சொல்ல வேண்டும். "இப்போ" என்பாய். மாற்றுவார். கொஞ்சம் தாமதமாகச் சொன்னால், "அது கத்துது பாரு, பாவம்" என்பார். சைக்கிளே ஓட்டத் தெரியாத வயதில் நீ மூன்றாவது கியரைக் காதால் கண்டுபிடித்தாய். நான் ஓரமாக, சேலைத் தலைப்பைக் காற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டு, இரண்டு பைத்தியங்களோடு வந்து மாட்டிக்கொண்டேனே என்று உட்கார்ந்திருப்பேன். அந்த மாலைகளில் ஒன்றே ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இந்த முழங்காலோடு ஓடிப்போய் ஏறிக்கொள்வேன்.

வண்டியில் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற ஆர்.பி.எம். முள் செத்து எத்தனையோ காலமாயிற்று. மாற்றச் சொல்லி நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். "காது இருக்கும்போது முள் எதுக்கு" என்பதுதான் அவர் பதில். ஆலையிலும் அப்படித்தானே. ஒரு திருப்புளியின் முனையை ஓடுகிற இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். நூலகத்தில் "சத்தம் போடாதீங்க" என்று சொல்வதற்கே சம்பளம் வாங்கிய எனக்கும், சத்தத்தோடே சம்சாரம் பண்ணிய அவருக்கும் எந்த மகராசன் ஜாதகம் பார்த்தானோ தெரியவில்லை.

இனி இப்போதைய கதை. கொஞ்ச காலமாகவே வண்டியைப் பற்றி ஒரே புலம்பல். "இழுவையே இல்ல. முன்ன மாதிரி உறுமல் இல்ல. உயிர் போயிடுச்சு" என்று தினமும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். எனக்கோ நேர்மாறாகத் தோன்றியது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே காது கிழிந்தது. பெரிய சாலை முழுவதையும் இரண்டாவது கியரிலேயே ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று எதிர்வீட்டுக்காரர் வந்து என்னிடம் கிசுகிசுத்தார். வயசானால் வீம்பு கூடும் என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் வண்டிக்குள் புகை வாடை அடிக்க ஆரம்பித்தது. பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறை யாருடையது என்று நினைக்கிறாய்? உன் வகுப்பில் தினமும் தாமதமாக வந்து, சைக்கிள் பஞ்சர் என்று சொல்லுவானே, அந்தப் பஞ்சருடையதுதான். இப்போது காரை அப்படியே தலைக்குமேல் தூக்குகிற லிஃப்ட் எல்லாம் வைத்திருக்கிறான். வாடிக்கையாளர்கள் முன்னால் பஞ்சர் என்று கூப்பிடாதீர்கள் என்று என் காதோடு கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். நான் முயற்சி செய்கிறேன், வாயில் வேறு பெயர் வரமாட்டேன் என்கிறது.

வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்ஜினிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்புகிற வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் விட்டிருக்கிறது என்றான். "ரொம்ப சூடாகித்தான்மா வெடிச்சிருக்கு. சின்ன கியர்ல போட்டு முறுக்கிட்டே ஓட்டினா இப்படி ஆகும். ஆனா சார் அப்படி ஓட்ட மாட்டாரே" என்று தலையைச் சொறிந்தான். அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவர் பையிலிருந்து ஒரு பழைய பத்திரிகைப் படத்தை எடுத்து அவனிடம் நீட்டினார். நான்கு எஃகுக் குழாய்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேருகிற ஹெட்டர். வாலிபத்திலிருந்தே அவருக்கு அதன்மேல் ஒரு கண். விரிசல் விட்டதை ஒட்டாமல், அதற்குப் பதில் இதைப் போட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

போடலாம், புகை தடையில்லாமல் வெளியேறும், இழுவையும் கூடும், ஆனால் மெல்லிய குழாய் என்பதால் சத்தமும் கூடும் என்று பஞ்சர் சொன்னான். அங்கேதான் நான் குறுக்கே புகுந்தேன். நம் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறாள். கூந்தலைக்கூட அவிழ்க்காமல் வந்து விழுகிற பெண்ணை எழுப்பினால் அது பாவம். எத்தனை குழாய் வேண்டுமானாலும் போடு, சத்தம் மட்டும் இப்போது இருப்பதைவிடக் கூடக் கூடாது, முடிந்தால் குறைய வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

அப்பா சண்டைக்கு வருவார் என்று நான் தயாராக நின்றேன். உனக்குத் தெரியுமே, சைலன்சரை மாற்றச் சொன்னதற்காக என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த மனிதர். அன்றைக்கோ, "அவ சொல்ற மாதிரியே செய். சத்தம் எப்படி இருந்தா என்ன" என்றார். உடம்புக்கு ஏதும் வந்துவிட்டதோ என்று அன்று முழுவதும் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சர் வேலையை ரசித்துத்தான் செய்தான். குழாய்களைக் கொஞ்சம் தடித்த தகட்டில் வளைத்தான். அவற்றின்மேல் அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுவதுபோல் சூடு தாங்கும் நாடாவைச் சுற்றினான். எங்கேயும் காற்றுக் கசியாமல் புது கேஸ்கெட் வைத்தான். பழைய சைலன்சரை அப்படியே விட்டு, நடுவில் இன்னொரு சின்ன சைலன்சரைச் சேர்த்தான். குழாய் அதிர்ந்தால் அது வண்டிக்குள் வராமலிருக்க ரப்பர் கொக்கிகளில் தொங்கவிட்டான். நான் நூலகத்திலிருந்த நாற்காலியைவிட மோசமான ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் மேற்பார்வை பார்த்தேன். அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு கணம் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தபோது, கல்யாணமான புதிதில் வாசலில் வண்டிக்கடியில் படுத்துக்கிடந்த அதே ஆளைப் பார்த்தேன். கிழவிக்கு என்ன புத்தி என்று சிரிக்காதே.

வேலை முடிந்ததும், "சார்தான் முதல்ல ஸ்டார்ட் பண்ணணும்" என்று பஞ்சர் சாவியைக் கொடுத்தான். அப்பா உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. அவ்வளவு மெதுவான சத்தம், பாப்பா. பக்கத்து அறையில் பிரிட்ஜ் ஓடுவதுபோல் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அப்பா சாவியை விடவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினார். பல்சக்கரங்கள் உரசி, பல்லைக் கூசவைக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. "சார், ஓடுது, ஓடுது சார்" என்று பஞ்சர் கத்தினான். அவர் நேராகப் பார்த்தபடி திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவன் ஜன்னல் வழியே கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தான். அப்பா அவனை நிமிர்ந்து பார்த்து, "ஸ்டார்ட் ஆகலயேடா" என்றார்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

இன்ஜின் கத்துவது காதில் விழாததால்தான் இரண்டாவது கியரிலேயே ஓட்டியிருக்கிறார். பழைய மேனிஃபோல்டு இருந்தவரை அதிர்வை வைத்துச் சமாளித்திருக்கிறார். ஸ்டீயரிங் நடுங்கினால் ஓடுகிறது, இல்லாவிட்டால் நின்றுவிட்டது. நான் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், அவன் அதிர்வையும் சேர்த்துக் குறைத்துவிட்டான். மனிதருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பஞ்சர் என்னைப் பார்த்தான். பிறகு குரலை உயர்த்தி, முகத்தை அவருக்கு நேராக வைத்து, "புது பெல்ட் சார், அப்படித்தான் ஏமாத்தும்" என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னான். அந்தப் பையனுக்கு என்ன மனசு. இனி அவனைப் பஞ்சர் என்று கூப்பிட்டால் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் ஒரு காரியம் செய்தேன். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, சாதாரணக் குரலில், "வீட்டை வித்துட்டு நான் மட்டும் எங்கயாவது போயிடலாம்னு இருக்கேன்" என்றேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, செய்யலாம்" என்றார். இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனை விஷயங்களுக்குச் சம்மதம் வாங்கியிருக்கலாம் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கூடத்தில் அவருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எத்தனை நாளாக என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, ஆலையை விடும்போதே ஆரம்பித்துவிட்டது, வர வர மோசமாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டார். என் பேச்சையெல்லாம் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறார். நான் டீ ஆற்றிக்கொண்டே முதுகைக் காட்டிப் பேசும்போதெல்லாம் எழுந்து வந்து முன்னால் நிற்பாரே, அன்பு பொங்கி வழிகிறது என்று நினைத்தேன். என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை என்று உன்னிடம் எத்தனை தடவை குறைபட்டிருக்கிறேன்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன்ல அவ குரல் தண்ணிக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. என்ன என்னன்னு ரெண்டு தடவ கேக்கலாம். அதுக்கு மேல கேட்டா பயந்துடுவா. தூரதேசத்துல தனியா உக்காந்துட்டு அப்பாவுக்கு என்ன ஆச்சோன்னு கவலைப்படுவா. அதான் நல்லதும்மா சந்தோஷம்னு சொல்லிட்டு உன்கிட்ட குடுத்துடுவேன்." உன் குரல் கேட்டாலே போதும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் போனை முதலில் அவர் எடுத்தாராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ அன்று சொன்னது அவருக்குத் தெரியவே தெரியாது. நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து குடித்தனம் செய்கிறீர்கள் என்றே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் உடைந்துபோயிருக்கிறார், கிளறக் கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்தேன். மனிதரோ அதற்கு முந்தின வாரம்கூட மாப்பிள்ளைக்கு என்ன சட்டை அளவு என்று என்னைக் கேட்டார். நான் அதையும் குத்தல் பேச்சு என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லாமல் எழுந்து போனேன்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரியும்படி சொன்னேன். அப்படி ஒரு செய்தியை அப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று சொன்னவளுக்குத்தான் தெரியும். அவர் முதலில், "எப்போ" என்றார். சொன்னேன். "என்கிட்ட சொன்னாளா" என்றார். முதலில் உங்களிடம்தான் சொன்னாள் என்றேன். பிறகு, "நான் என்ன சொன்னேன்" என்று கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லவில்லை. சந்தோஷம் என்று சொன்னீர்கள் என்றேன்.

உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அவர் அம்மா போனபோதுகூட வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆள். அன்று கூடத்தில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார். தன் அழுகைச் சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் பெண் பயந்துபோய் இறங்கி ஓடி வந்துவிட்டாள்.

அந்தப் பெண்தான் எங்களைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனாள். ஆலைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற காது, போனது திரும்பாது, ஆனால் கருவி வைத்தால் எதிரில் பேசுவது நன்றாகவே கேட்கும் என்றார் டாக்டர். காதுக்கு அச்சு எடுத்திருக்கிறார்கள். எந்த மருந்துக்கும் நான்கு தடவை கெஞ்ச வேண்டிய மனிதர், கருவி எப்போது வரும் என்று தினமும் என் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறார். வண்டிச் சத்தம் கேட்கும் என்பதற்காக இல்லை. வண்டியைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் போன் போட்டுத் தரவா, இல்லை நீங்களே நாலு வரி எழுதுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "அவ எவ்ளோ தைரியத்தச் சேத்துக்கிட்டு அன்னிக்கு வாயத் திறந்திருப்பா. நான் பதில் சொல்ல வேண்டாம், விளக்கமும் சொல்ல வேண்டாம். அவ இன்னொரு தடவ சொல்லணும். முழுசா சொல்லணும். நான் கேக்கணும்" என்றார். இதைத்தான் உனக்கு எழுதச் சொன்னார். மற்றதெல்லாம் நானாக எழுதியது.

உனக்கு அதை மறுபடி வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை சொல்லியே புண்பட்டவள் நீ. ஆனாலும் கேட்கிறேன், விடுமுறைக்கு வா. நீ அங்கே யாரோடு இருக்கிறாய், யாரோடு இல்லை என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நீ சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் இருவரின் ஆசையும் ஆசியும்.

வரும்போது நான் கடைக்குப் போயிருந்தாலும் போயிருப்பேன். வாசல் மணியை அடித்துக்கொண்டு நிற்காதே, கருவியைக் கழற்றி வைத்திருந்தால் அவருக்குக் கேட்காது. கதவு தாழ் போட்டிருக்காது. தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்து, அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லு.

உன் அம்மா